மேற்கரை மானுக்கு ஏழு புள்ளி

மேற்கரை மாநிலத்தின் வனவிலங்கு நலத் துறை மனித குலத்தை இரண்டே இரண்டு பிரிவாகப் பிரித்து வைத்திருந்தது: மாநிலத்துக்குள் வசிப்பவர், வசிக்காதவர். முதல் பிரிவினர் முக்குக் கடையில் பால் வாங்கும்போதே மான் வேட்டைச் சீட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். இரண்டாம் பிரிவினர் விண்ணப்பிக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், பக்குவப்பட வேண்டும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. துறை என்று ஒன்று இருந்தால் பிரிவு என்று ஒன்று இருக்கத்தான் செய்யும்.

வெர்லின் டிராஸ்க் இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவர். பிறந்தது மேற்கரையில்தான். மிசிசிப்பி ஆற்றுக்கு இந்தப் பக்கம், கிழக்கரை மாநிலத்தில், மார்லிஸ் என்ற பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். அப்படிச் செய்தால் மான்களுக்கு அந்நியராகிவிடுவோம் என்று கல்யாணத்தில் பாதிரியார் சொல்லவில்லை. முப்பத்தோரு வருஷம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷத்தில் ஒருவருடைய தபால் அட்டையைக்கூடப் படித்துப் பார்த்ததில்லை. விதி என்றால் அவருக்கு அவ்வளவு பக்தி.

அவருடைய அண்ணன் கேலன், அதே பழைய பண்ணையில், அதே மேற்கரையில் இருந்தார். வெர்லினின் சமையலறை ஜன்னலில் நின்றால் ஆற்றுக்கு அப்பால் அண்ணனின் தானியக் கோபுரம் தெரியும். பாலத்தின் வழியாக வண்டியில் பன்னிரண்டு நிமிஷம். பாலத்தில் நடைபாதை கிடையாது.

கேலனுக்குக் கண்ணில் கோளாறு. துப்பாக்கியின் தொலைநோக்கி வழியே பார்த்தால் வலது கண் மானின் மீசையைக்கூட எண்ணும். ஆனால் எங்கே பார்ப்பது என்று யாராவது சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் பனி மூட்டம். இன்னும் ஒரு மான் காலம் தாங்கும், அதற்கப்புறம் துப்பாக்கியைத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கடைசியா ஒரு தடவை நீயும் நானும் ஒரே பரண்ல உக்காரணும்டா. நீ ஒண்ணு அடி, நான் ஒண்ணு அடிக்கறேன். அப்புறம் துப்பாக்கியைத் துடைச்சு மூலையில வெச்சுடறேன்," என்றார் கேலன் போனில்.

"இந்த வருஷம் கெடைச்சுடும்ணே. ஆறு புள்ளி வெச்சிருக்கேன்."

புள்ளி என்பது துறையின் கருணை. வெளிமாநிலத்தவர் விண்ணப்பித்துச் சீட்டு கிடைக்காமல் போனால், ஆறுதலாக ஒரு புள்ளி தருவார்கள். வெர்லின் முதலில் விண்ணப்பித்தபோது மூன்று புள்ளி இருந்தால் போதும் என்றார்கள். மூன்று சேர்ந்தபோது நான்கு கேட்டார்கள். நான்கு சேர்ந்தபோது ஐந்து. வெர்லின் வருஷத்துக்கு ஒரு படி ஏறினார், ஏணியும் வருஷத்துக்கு ஒரு படி வளர்ந்தது. இப்போது ஆறு வருஷம் ஆகிவிட்டது.

ஏழாவது விண்ணப்பத்தைத் தபாலில் போட மனமில்லாமல், நேரிலேயே கொண்டுபோனார். துறை அலுவலகத்தில் ஜோலின் என்ற அம்மாள் அன்பாகப் பேசுவதற்கென்றே நியமிக்கப்பட்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் சரியா இருக்கு சார். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடிச்ச சான்றிதழ் இந்த வருஷத்துலேருந்து கேக்கறாங்க, அது மட்டும் இல்ல."

"அந்தப் பயிற்சியை இருபத்தாறு வருஷமா நானே நடத்தறேன்மா. இதோ பாருங்க, பயிற்றுநர் சான்றிதழ்."

ஜோலின் அதை மரியாதையோடு வாங்கிப் படித்தார். "நீங்க சொல்லிக்குடுத்தீங்கன்னு இதுல இருக்கு. கத்துக்கிட்டீங்கன்னு எங்கயும் இல்லையே சார்."

"கத்துக்காமலா சொல்லிக்குடுப்பேன்?"

"அப்படிச் செய்யறவங்க நெறைய பேர் இருக்காங்க சார். எங்க மேலதிகாரியே அப்படித்தான்."

சிறுவயதில் வாங்கிய சான்றிதழ் ஒரு வெள்ளத்தில் போய்விட்டது என்று வெர்லின் விளக்கினார். ஜோலின் வருத்தம் தெரிவித்துவிட்டு, மறுபடி பயிற்சியில் சேர்ந்துவிடுவதே எளிது என்றார். உங்கள் ஊரில் யார் நடத்துகிறார்கள் என்று கணினியில் தேடினார். வெர்லின் டிராஸ்க் என்று வந்தது.

"நானே எனக்குக் கையெழுத்துப் போட்டுக்கலாமா?"

ஜோலின் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "மாணவரும் ஆசிரியரும் ஒரே ஆளா இருக்கக் கூடாதுன்னு எங்கயும் போடல சார். ஆனா பத்து மணி நேர வகுப்பு கட்டாயம்."

ஆகவே, தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில், மூன்று மாலை நேரம், வெர்லின் ஒரு காலி நாற்காலிக்கு எதிரே நின்று வேட்டைப் பாதுகாப்பு பற்றிப் பாடம் நடத்தினார். இடையிடையே போய் நாற்காலியில் உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். கடைசியில் பரீட்சை வைத்து, நேர்மையாகத் திருத்தினார். ஒரு கேள்விக்கு விடை தவறு. அந்த மாணவனைத் தனியாக அழைத்துக் கண்டித்துவிட்டு, தேர்ச்சி என்று கையெழுத்திட்டார். கூடத்துக்குக் காபிப் பாத்திரம் எடுக்க வந்த மார்லிஸ் இதைப் பார்த்துவிட்டு, பாத்திரத்தை எடுக்காமலே திரும்பிப் போய்விட்டாள்.

சீட்டு எப்படியும் வந்துவிடும் என்ற தெம்பில் வெர்லின் தயாரிப்பில் இறங்கினார். அவருடைய அப்பா பழைய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சுருட்டுப் பிடித்துக்கொண்டே மான் அடித்தவர். அது அறியாமை நிறைந்த காலம். இப்போது நெடுஞ்சாலைக் கடையில் எல்லாவற்றுக்கும் ஒரு பொருள் வந்துவிட்டது. வாசனை இல்லாத சோப்பு, வாசனை இல்லாத பற்பசை, இலை தழை அச்சடித்த கால்சட்டை, அதே இலை தழை அச்சடித்த உள்ளாடை.

"உள்ளாடையில எதுக்குங்க இலை? மான் அதையுமா பாக்கும்?" என்றாள் மார்லிஸ்.

"தன்னம்பிக்கைக்குன்னு கடைக்காரர் சொன்னார்."

"ஃபிரிட்ஜில முட்டைக்குப் பக்கத்துல ஒரு பாட்டில் இருக்கே, அது என்ன?"

வெர்லின் கொஞ்சம் தயங்கினார். "பெண் மானோட மூத்திரம். பருவத்துக்கு வந்த மானாம். ரெண்டு சொட்டு விட்டா ரெண்டு மைல் தூரத்துல இருக்கற கிடாவும் ஓடி வருமாம். குளிர்ல வைக்கலன்னா கெட்டுப்போயிடும்னு போட்டிருக்கு."

"கெட்டுப்போனா எப்படிங்க தெரியும்?"

அன்றைக்கே பாட்டில் ஃபிரிட்ஜிலிருந்து வெளியேற்றப்பட்டு, பிக்கப் வண்டியின் முன்பக்கம் ஒரு கறுப்பு டேப்பில் கட்டி வைக்கப்பட்டது. வண்டிக்குள் வைக்கவும் மார்லிஸ் சம்மதிக்கவில்லை.

கிடா என்று பொதுவாகச் சொன்னாலும், அண்ணன் தம்பி இருவர் மனதிலும் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதற்கு 'டீக்கன்', அதாவது தேவாலயத் தொண்டர், என்று பேர் வைத்திருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிகிற நேரத்துக்குச் சோளக்காட்டு ஓரத்தில் முகத்தை நீட்டிக்கொண்டு வந்து நிற்கும் என்பதால். டீக்கன் கோடையில் ஆற்றை நீந்திக் கிழக்கரைக்கு வந்து மார்லிஸின் பீன்ஸ் கொடியைத் தின்னும். இலையுதிர்காலத்தில் நீந்தி மேற்கரைக்குத் திரும்பும். எந்தத் துறையும் அதனிடம் எத்தனை புள்ளி என்று கேட்டதில்லை.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. 'தங்களது விண்ணப்பம் உரிய முறையில் பரிசீலிக்கப்பட்டது. இவ்வாண்டு தேவைப்பட்ட குறைந்தபட்சப் புள்ளிகள் ஏழு. தங்களின் ஆர்வத்தைப் பாராட்டி ஒரு புள்ளி இதன்மூலம் வழங்கப்படுகிறது. தற்போது தங்களிடம் உள்ள புள்ளிகள் ஏழு.'

வெர்லின் அதை மூன்று முறை படித்தார். முப்பத்தோரு வருஷம் இந்த மாதிரிக் கடிதங்களை எத்தனை வீட்டில் போட்டுவிட்டு விசிலடித்துக்கொண்டே போயிருப்போம் என்று அப்போதுதான் தோன்றியது. பிறகு ஜோலினுக்குப் போன் செய்தார்.

"சீட்டு வேண்டாம்மா. துப்பாக்கியும் வேண்டாம். எங்க அண்ணன் பக்கத்துல சும்மா உக்காந்துக்கலாமா?"

"தாராளமா சார். 'உடன் அமர்வோர்'னு ஒரு பிரிவே இருக்கு. உறுதிமொழிப் படிவம் அனுப்பறேன். வேட்டைக்கு உதவி செய்யாம இருந்தா போதும்."

"உதவின்னா?"

"மானை நீங்க பாக்கலாம். பாத்தேன்னு சொல்லக் கூடாது."

"விரலை நீட்டலாமா?"

"கூடாது."

"தோள்ல லேசா இடிச்சா?"

"எந்தப் பக்கம் இடிக்கறீங்கங்கறதைப் பொறுத்தது சார். மான் இருக்கற பக்கமா இடிச்சா உதவி. எதிர்ப்பக்கமா இடிச்சா தவறான வழிகாட்டல். அதுக்கு வேற படிவம்."

"இருமலாமா?"

"நிஜ இருமலா இருந்தா, டாக்டர் சீட்டோட."

வெர்லின் உறுதிமொழியில் கையெழுத்திட்டார்.

நவம்பர் மாதம், மான் காலத்தின் முதல் நாள் காலை, இரண்டு கிழவர்களும் விதிப்படி ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு பரணில் உட்கார்ந்தார்கள். பிளாஸ்கில் காபி இருந்தது. சோளத்தட்டையில் உறைபனி. மணி பத்தரை இருக்கும், காட்டு ஓரத்தில் டீக்கன் வந்து நின்றது. எண்பது அடி தூரம். பக்கவாட்டில், படம் பிடிக்க நிற்பது போல நின்றது.

வெர்லின் மூச்சை அடக்கிக்கொண்டார். கேலன் எதிர்த்திசையில் இருந்த வைக்கோல் உருளையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாச்சும் இருக்காடா?" என்று கிசுகிசுத்தார்.

"சொல்லக் கூடாதுண்ணே."

"அப்ப இருக்கு."

"இருக்குன்னு நான் சொல்லல."

"டீக்கனா?"

வெர்லின் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். தொண்டையில் ஒரு நிஜ இருமல் வந்தது. டாக்டர் சீட்டு கையில் இல்லாததால் அதையும் விழுங்கினார்.

"எந்தப் பக்கம்டா? அதை மட்டும் சொல்லு. சுத்துப்பட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. யாருக்குடா தெரியப்போவுது?"

"கையெழுத்துப் போட்டிருக்கேண்ணே."

கேலன் தொலைநோக்கியைத் தூக்கி வேலி, சோளம், வானம், மறுபடி வேலி என்று தேடினார். டீக்கன் கால் மணி நேரம் பொறுமையாக நின்றது. அதற்குமேல் எந்த மானும் ஒத்துழைக்காது. திரும்பி நடந்து மரங்களுக்குள் போய்விட்டது. வெர்லின் பெருமூச்சு விட்டார், அதிலிருந்து கேலன் புரிந்துகொண்டார்.

"நீ நல்ல தபால்காரன்டா," என்று மட்டும் சொன்னார். பிறகு தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அதைப் பார்க்க முடியாமல் வெர்லின் பிளாஸ்கைத் திருகித் திருகி மூடினார்.

மதியம் வீட்டுக்குக் கிளம்பிய வெர்லினுக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். வண்டியின் முன்பக்கம் கட்டியிருந்த பாட்டில் காலையிலேயே குளிரில் விரிசல் விட்டு, சொட்டு சொட்டாக வடிந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பாலம் ஏறுவதற்கு முன்பே, மேற்கரை எல்லைக்குள், டீக்கன் காதலோடு பள்ளத்திலிருந்து தாவி வந்து வண்டியில் மோதி, அங்கேயே உயிரை விட்டது.

பத்து நிமிஷத்தில் ஒரு இளம் போலீஸ் அதிகாரி வந்தார். நசுங்கிய வண்டியைப் பார்த்தார், மானைப் பார்த்தார், சட்டைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தார்.

"மான் வேணுமா உங்களுக்கு?"

"நான் வெளிமாநிலங்க."

"அதனால என்ன?"

"புள்ளி ஏழுதான் இருக்கு."

"என்ன புள்ளி?"

"பயிற்சிச் சான்றிதழ் வீட்டுல இருக்கு. நானே கையெழுத்துப் போட்டது, ஆனா..."

அதிகாரி அவர் தலையில் அடிபட்டிருக்கிறதா என்று உற்றுப் பார்த்தார். "பெரியவரே, துப்பாக்கியால சுட்டாதான் அதெல்லாம். வண்டியால அடிச்சா இலவசம். உங்க பேரைச் சொல்லுங்க." அரை நிமிஷத்தில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, கொம்பைப் பிடித்துத் தூக்கி ஏற்றியும் விட்டார்.

வெர்லின் வண்டியைத் திருப்பிக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனார். கேலன் கொம்பைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. அன்று மாலை இருவரும் இறைச்சியை வெட்டினார்கள். பாதியில் தொத்திறைச்சி செய்தார்கள், மீதியை உறைபெட்டியில் வைத்தார்கள். ஏழு வருஷத்தில் அவர்களுக்குக் கிடைத்த நல்ல நாள் அதுதான்.

செய்தி பரவ எத்தனை நாள் ஆகும்? அடுத்த வாரமே கிழக்கரையார் வண்டி வண்டியாகப் பாட்டில் கட்டிக்கொண்டு மேற்கரையில் மெதுவாக உலா போனார்கள். மேற்கரையார் மட்டும் இளிச்சவாயர்களா? அவர்களும் பாட்டில் கட்டிக்கொண்டு கிழக்கரைக்கு வந்தார்கள். நெடுஞ்சாலைக் கடையில் பாட்டில் தீர்ந்துபோனது. ஒருநாள் காலை வெர்லின் தன் வீட்டு வாசலிலேயே மேற்கரை எண் போட்ட ஆறு வண்டிகள் ஊர்ந்து போவதைப் பார்த்தார். ரத்தம் கொதித்தது.

தீயணைப்பு நிலையத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். "கண்ட கண்ட வெளியூர்க்காரன்லாம் வந்து நம்ம மானை அள்ளிட்டுப் போனா, நமக்கு என்ன மிஞ்சும்?" என்று வெர்லின் எழுந்து கேட்டார். பலத்த கைதட்டல். புள்ளி விஷயத்தில் அனுபவம் மிக்கவர் என்பதால் மனுவை அவரையே எழுதச் சொன்னார்கள். அழகாக எழுதினார். 'வெளிமாநில வாகனங்கள் மான் காலத்தில் எல்லைக்குள் நுழைய, உரிய புள்ளிகள் பெற்றிருத்தல் வேண்டும்.' முதல் கையெழுத்தும் அவருடையதே. மாநிலம் உடனே ஏற்றுக்கொண்டது. மேற்கரை அதைவிட வேகமாக, ஒரு வார்த்தை மாற்றாமல், அதே விதியைத் தானும் போட்டது.

அடுத்த நவம்பரில் கேலன் போன் செய்தார். இப்போது அவருக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும்.

"வியாழக்கிழமை நன்றி நாள் விருந்துக்கு வந்துடுடா. மார்லிஸையும் கூட்டிட்டு வா. டீக்கன் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கான், உனக்காகத்தான் வெச்சிருக்கேன்."

வெர்லின் சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். எதிரே தானியக் கோபுரம் தெரிந்தது. கையில் ஒரு கடிதம் இருந்தது.

"வரமுடியாதுண்ணே. வண்டிக்கு மூணு புள்ளி வேணுமாம்."

"உங்கிட்டதான் ஏழு இருக்கே."

"அது துப்பாக்கிப் புள்ளிண்ணே. வண்டிப் புள்ளி ஒண்ணுதான் குடுத்திருக்காங்க."

"அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வர்றதுக்குப் புள்ளியா? எந்தக் கூறுகெட்டவன்டா இப்படி ஒரு விதியை எழுதிக் குடுத்தான்?"

வெர்லினுக்குத் தொண்டையில் இருமல் வந்தது.

"சொல்லக் கூடாதுண்ணே."

"அப்ப தெரிஞ்சுபோச்சு," என்றார் கேலன்.