மருமகன் முதுகில் எட்டுத் தழும்பு

வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை, கடை பூட்டின பிறகு.

அன்பில் குறையாத அக்கா ஜெகதீஸ்வரிக்கும், அக்கா சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் அத்தானுக்கும், தம்பி கிருஷ்ணராஜ் வணங்கி எழுதிக்கொள்வது. முருகன் கிருபையால் இங்கு நானும் சுபோதினியும் கடையும் நலம். அங்கு உங்கள் சுகத்தையும், அத்தானின் புது முழங்காலின் சுகத்தையும் அறிய ஆவல்.

வட்ஸ்அப் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். வட்ஸ்அப்பில் எழுதினால் அது குடும்பக் குழுவில் விழுந்து, லண்டன், நோர்வே எல்லாம் சுற்றிவிட்டுத்தான் உங்களிடம் வரும். ரெலிபோன் என்றால் இரண்டாவது வசனத்திலேயே அழத் தொடங்கிவிடுவீர்கள். கடிதத்தில்தான் அக்கா, நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே கதைக்க ஏலாது. நல்ல சேதி கடைசியில் இருக்கிறது. கடைசித் தாளை முதலில் புரட்டவேண்டாம். உங்கள் பழக்கம் எனக்குத் தெரியும்.

உங்கள் மகன் தேனுஜனுக்கு மூன்று கல்யாணப் பேச்சுக்கால் குழம்பி, இது நாலாவது. பெண் ரூபிகா, ஹெவ்லொக் டவுன், பல் வைத்தியர். தகப்பன் பாலசுந்தரம் ஐயா இளைப்பாறிய நில அளவையாளர், எங்கள் கோயிலின் தர்மகர்த்தாக்களில் ஒருவர். இதுவும் குழம்பினால் ரொறன்ரோவில் தலை காட்ட ஏலாது என்று சொன்னீர்கள். ஆனால் முதல் மூன்றும் ஏன் குழம்பின என்று சொன்னீர்களா? "பொடியன் கொஞ்சம் ஸ்ரைல், நீ பாத்துக்கொள் தம்பி" என்று மட்டும் சொல்லி, ஐந்து வருடத்துக்கு முந்திய பட்டமளிப்புப் படம் ஒன்றையும் அனுப்பிவிட்டு இருந்துவிட்டீர்கள். வியாபாரத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. மூத்தவர் என்பதால் சொல்லாமல் விடுகிறேன்.

கட்டுநாயக்காவில் நான் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, அந்தப் படத்தில் இருக்கிறவனைத் தவிர எல்லோரும் வெளியே வந்தார்கள். கடைசியில் ஒருவன் வந்து "மாமா!" என்று கட்டிப்பிடித்தான். நெற்றியில் இரண்டு பக்கமும் தோலுக்கு அடியில் இரண்டு முட்டு, கன்றுக்குட்டிக்குக் கொம்பு அரும்புகிற மாதிரி. காதுச் சோணையில் துளை. நான் முப்பது வருடமாகப் பைப் விற்கிறவன், அளவு தப்பாது, முக்கால் அங்குலம், அதற்குள்ளால் வான் தரிப்பிடம் தெரிந்தது. வாயைத் திறந்து சிரித்தால் நாக்கு நடுவால் பிளந்து இரண்டாக இருக்கிறது, இரண்டும் தனித்தனியாக அசைகிறது. எங்கள் வான் சாரதி பயபக்தியோடு என் காதில், "மே மஹத்தயா நளுவெக்த?" என்றான். நடிகர்தான், வில்லன் வேசம் என்று சொல்லி வைத்தேன். வீடு வரும்வரை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான், பேலியகொடையில் மீன் லொறி ஒன்றோடு மயிரிழையில் தப்பினோம். வழியிலேயே மருமகன் மிச்சச் சாமானையும் காட்டினான். வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் அரிசி அளவில் ஒரு சிப். கனடாவில் வீட்டுக் கதவு, கந்தோர்க் கதவு எல்லாம் அதைக் காட்டினால் திறக்குமாம். இரண்டு விரல் நுனியில் காந்தம். ஏனடா மருமகன் இதெல்லாம் என்று கேட்டேன். "உடம்பும் ஒரு மிஷின்தானே மாமா, அப்டேட் பண்ணவேணும்" என்றான். பொடியன் குணத்தில் தங்கம் அக்கா, அதை முதலில் எழுதியிருக்கவேண்டும். சுபோதினிக்குத் தேங்காய் துருவிக் கொடுக்கிறான், பெரியவர் யார் வந்தாலும் எழும்பி நிற்கிறான், கடையில் ஒரு பெட்டி திருகாணி கொட்டுண்டபோது நிலத்தில் கையைத் தடவியே எல்லாவற்றையும் பொறுக்கினான். அதைப் பார்க்கச் சனம் கூடி, அன்றைக்கு வியாபாரமும் பரவாயில்லை. பக்கத்துப் புடைவைக்கடை பௌஸி நானா எட்டிப் பார்த்து, "கிருஷ்ணராஜ், ஒங்கட மருமகன் வந்ததிலிருந்து எங்கட கஸ்டமர்மாரும் ஒங்கட கடையத்தான் பாக்குறாங்க, அவர ரெண்டு நாளைக்கி இங்கயும் அனுப்புங்களே" என்று கேட்டார்.

ஆனால் குணத்தைப் பார்க்கமுன் முகத்தைத்தானே பார்ப்பார்கள். பெண் பார்ப்பதை, வழக்கம்போல, கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோல வைத்திருந்தோம். இந்தத் தற்செயலுக்கு இரண்டு கிழமை திட்டம். சுபோதினி நெற்றியில் திருநீற்றை மூன்று கோடாக இழுத்து, முட்டு இரண்டையும் மூடச் சந்தனத்தை அப்பினாள். வெள்ளையடிக்கமுன் சுவருக்குப் பட்டி பார்க்கிறோமே, அந்தக் கனம். காதுத் துளைக்குத் தோல் நிறத்தில் றப்பர் அடைப்பு என் கடையிலேயே இருந்தது. நாக்குக்கு ஒரே மருந்துதான்: வாயைத் திறக்காதே, கேட்டால் தலையாட்டு, உன் அப்பாவைப் போல. எல்லாம் சரி என்று நானே சுற்றிப் பார்த்துத் தரச் சான்றிதழ் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். கோயில் வாசலில்தான் அக்கா, எனக்கு விசயம் உறைத்தது. ஆம்பிளைகள் மேல்சட்டை கழற்றித்தான் உள்ளே போகவேண்டும் என்ற விசயத்தை, வாரா வாரம் கழற்றுகிற நான் மறந்துபோனேன். அவன் கழற்றினான். முதுகில் மேலே நாலு, கீழே நாலு, எட்டுத் தழும்பு, நூல் பிடித்த மாதிரி. எனக்கே அப்போதுதான் தெரியும். "இதென்னடா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "சஸ்பென்ஷன் மாமா, தோலிலை கொளுக்கி போட்டுத் தொங்கினனான்" என்றான், ஊஞ்சல் ஆடினேன் என்பதுபோல.

அதற்குள் பாலசுந்தரம் ஐயா வந்துவிட்டார். தோளில் சால்வை, பின்னால் மனைவியும் ரூபிகாவும். அளவையாளர் அல்லவா, முகத்தைப் பார்க்கவில்லை, நேரே முதுகைத்தான் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

"தம்பி, தூக்குக் காவடி எடுத்தனீங்களோ?"

மருமகன் என்னைப் பார்த்தான். நான் கோபுரத்தைப் பார்த்தேன். "தொங்கினனான் அங்கிள்" என்றான்.

"எங்கை?"

"வன்கூவரிலை."

"அங்கையும் எடுக்கிறாங்களே! எத்தினை கொளுக்கி?"

"எட்டு."

"எவ்வளவு நேரம்?"

"நாற்பது நிமிசம்."

"நாற்பதோ! இஞ்சை பதினைஞ்சிலை இறக்கிப்போடுவாங்கள். என்ன நினைச்சுத் தம்பி எடுத்தனீங்கள்?"

"மனசு அமைதியா வரும் எண்டு சொன்னவை. வந்தது."

ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிப்பிடிக்கக் கையை விரித்துக்கொண்டு கிட்டப் போனார். மருமகன் சட்டென்று இரண்டடி பின்னால் போய், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தலை குனிந்தான். "பாத்தியளோ அடக்கத்தை!" என்றார் ஐயா மனைவியிடம். அக்கா, நாங்கள் யாரும் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும். சரக்கின்மேல் வாங்குகிறவர் தானாக ஒரு லேபல் ஒட்டினால், அதை உரித்து எடுப்பது விற்கிறவனின் வேலை அல்ல.

ஆனால் ஐயா அங்கேயே நிற்கவில்லை. வருகிற திருவிழாவில் கனடா மாப்பிள்ளை தூக்குக் காவடி எடுக்கிறார் என்று கோயில் கூட்டத்தில் சொல்லிப்போட்டார், அதே கிழமையே கல்யாணத்துக்கு நாளும் பார்ப்பதாகச் சொன்னார். எனக்குச் சந்தோசத்தில் பாதி, பயத்தில் பாதி. மருமகனுக்கோ சந்தோசமே இல்லை. "மாமா, தொங்கிறது எனக்குப் பிரச்சினை இல்லை. அவையள் என்னை வேறை ஆள் எண்டு நினைச்சுக் கலியாணம் செய்து குடுக்கிறதுதான் பிரச்சினை. ரூபிகாட்டைச் சொல்லப்போறன்" என்றான். நாள் வைக்கும்வரையாவது பொறு என்று கெஞ்சினேன். "நீங்கள் பழுதான சாமானை மறைச்சு விப்பியளோ?" என்று கேட்டான். இந்தக் கேள்வியை முப்பது வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் என்னிடம் கேட்டதில்லை, கேட்கவும் நான் வைத்ததில்லை. சரி போ என்று விட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் கடற்கரையில், றெயில் பாதைக்கு அங்கால் உள்ள கல்லில் இரண்டு பேரும் இருந்தார்கள். நானும் சுபோதினியும் கச்சான் கடலை வாங்குகிற சாட்டில் பத்து யார் தள்ளி நின்றோம். பொடியன் சந்தனத்தைத் துடைத்தான். றப்பரைக் கழற்றினான். நாக்கை நீட்டினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பிள்ளை கைப்பையிலிருந்து சின்ன ரோச் ஒன்றை எடுத்து, "வடிவா 'ஆ' எண்டுங்கோ" என்றது. பார்த்தது, இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் பார்த்தது. "ஆர் தைச்சது இதை? உள்ளுக்குத் தையல் ஒழுங்கில்லை. கடைவாய்ப் பல்லிலை ஒரு சொத்தையும் கிடக்கு, அதுக்கு என்ன செய்யிற பிளான்?" அக்கா, கொம்பை விட்டுவிட்டு, பிளந்த நாக்கை விட்டுவிட்டு, சொத்தைப் பல்லைக் கேட்ட பிள்ளையை நான் இன்னும் கண்டதில்லை. கச்சான் முழுவதையும் நானே சாப்பிட்டிருக்கிறேன், கவனிக்கவே இல்லை.

"அப்பாட்டை நான் சொல்லுறன்" என்று ரூபிகா போனாள். சொல்லியும்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை எங்களை வரச் சொல்லி ஐயாவிடமிருந்து அழைப்பு வந்தது. "வாங்கோ" என்று ஒரே ஒரு சொல். ஹெவ்லொக் டவுன் வீட்டில் தேத்தண்ணி வைத்தார்கள், பலகாரம் வைக்கவில்லை. எனக்கு அப்போதே விளங்கியது.

"ஏமாத்திப்போட்டியள்" என்றார் ஐயா.

"அப்பா, நீங்கள் கேட்டதுக்கெல்லாம் அவர் உண்மையைத்தான் சொன்னவர். முருகன் எண்டது நீங்கள் போட்டது" என்றாள் ரூபிகா.

"அப்ப நான் கட்டிப்பிடிக்க வரேக்கை ஏன் பின்னுக்குப் போனவர்? பக்தி எண்டெல்லோ நான் நினைச்சன்!"

மருமகன் எழும்பி, கிட்டப் போகாமல், விரல்களைத் தூரத்தில் வைத்துக் காட்டினான். "இதுக்குள்ளை காந்தம் இருக்கு அங்கிள். கோயில்லை உங்கடை சால்வை விலகேக்கை நெஞ்சிலை பேஸ்மேக்கர் இருக்கிறதைக் கண்டனான். காந்தம் அதுக்குக் கிட்ட வரக்கூடாது. எல்லாருக்கும் முன்னாலை சொல்ல உங்களுக்கு விருப்பம் இல்லையோ எண்டுதான் பேசாமல் நிண்டனான்."

பேஸ்மேக்கர் ஒன்பது மாதத்துக்கு முன் வைத்ததாம். கோயில்காரருக்கு யாழ்ப்பாணம் போய் வந்ததாகச் சொல்லியிருக்கிறார். எங்களுக்குச் சொன்னால் பரம்பரை நெஞ்சு வருத்தம் என்று பேச்சுக்கால் குழம்பும் என்று பயம். ஐயா சால்வையை மெல்ல இழுத்து மூடினார். கடைக்காரனுக்கு இப்படி ஒரு கணம் வருடத்தில் ஒருதரம்தான் வரும், விடவில்லை.

"ஐயா, உங்களிட்டை ஒண்டு, எங்கடை பொடியனிட்டை ஒரு ஏழெட்டு. ரெண்டு பகுதியும் சால்வை போட்டு மூடித்தான் கடை விரிச்சது. வித்தியாசம் எண்ணிக்கையிலைதான்."

அவருடைய மனைவிதான் முதலில் சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை. மருமகனின் விரலைக் காட்டி, "கன்னிகாதானத்திலை நான்தானே பிள்ளையின்ரை கையைப் பிடிச்சு உம்மடை கையிலை வைக்கவேணும். இந்தக் காந்தத்தோடை எப்பிடி வைக்கிறது?" என்று கேட்டார்.

எனக்கு அது விளங்க ஒரு நிமிடம் சென்றது. சுபோதினி முழங்கையால் இடித்த பிறகுதான், மனிசன் சம்மதம் சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. "காந்தத்தை எடுத்துவிடுறன் அங்கிள், மற்றது இருக்கட்டும்" என்றான் மருமகன். உடனே பலகாரத் தட்டு வந்தது. வெள்ளிக்கிழமை, அதாவது இன்று, டொக்டரிடம் போய் எடுத்தும்விட்டான். ஐயா வாசலில் காத்திருந்து, கையில் கட்டோடு வந்தவனைக் கட்டிப்பிடித்தார். என் கடையில் திருகாணி பொறுக்க இனி ஆள் இல்லை, அது ஒன்றுதான் நட்டம். காவடியும் நிற்கவில்லை. தொங்கிப் பழக்கம் இருக்கிறது, இந்த முறை ஆருக்காக என்று தெரிந்து தொங்குகிறேன் என்று சொல்லி, ஐயாவின் பேஸ்மேக்கர் பற்றரி குறைந்தது பத்து வருடம் போகவேண்டும் என்று முருகனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறான். கல்யாணம் ஆவணியில். மண்டபம் பார்த்தாயிற்று.

ஆகவே அக்கா, நிம்மதியாக இருங்கள். நெற்றி முட்டுகளையும் நாக்கையும் நினைத்து உருகவேண்டாம். காந்தம் போனதுபோல மற்றவையும் ஒவ்வொன்றாகப் போகும். ரூபிகா நிதானமான, படித்த பிள்ளை. ஒரு வருடத்தில் அவனை அந்தப் பட்டமளிப்புப் படத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவாள். நானும் பக்கத்தில் இருக்கிறேன். எனக்கு வயது ஐம்பத்தொன்பது, இந்த உடம்பில் அம்மா தந்ததற்கு மேல் ஒரு திருகாணியும் இல்லை, இனி ஏறவும் விடேன். பொடியன் பார்த்துப் பழக ஒரு ஒழுங்கான மனிசன் வீட்டில் இருக்கிறான் என்று நம்புங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். சுபோதினி உங்கள் இருவரையும் நலம் கேட்டு, நெத்தலிக் கருவாடு அனுப்பவா என்றும் கேட்கிறாள். வேலவன் துணையிருக்க, குடும்பம் தழைக்க, விமானச் சீட்டு விலை ஏறமுன் வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாசமுள்ள தம்பி
கிருஷ்ணராஜ்

பி.கு: கடிதம் ஐந்து நாள் மேசையிலேயே கிடந்துவிட்டது. மேலே என் உடம்பைப் பற்றி எழுதியதை வெட்டிவிடவும். விசயம் இதுதான். சனிக்கிழமை மருமகன் கடைச் சட்டருக்குப் புதுப் பூட்டு ஒன்று பொருத்தினான், கையைக் காட்டினால் திறக்கும். அவன் கைக்குத் திறக்கிறது, முப்பது வருடமாகப் பூட்டு விற்கிற முதலாளியின் கைக்குத் திறக்கவில்லை. பௌஸி நானா பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒரு வியாபாரி எவ்வளவுதான் பொறுப்பான்? பெருவிரலுக்குப் பக்கத்தில், அரிசி அளவுதான். நோகவே நோகாது என்று முன்னால் சொன்னார்கள். ஊசி போட்டது நிதானமான, படித்த பிள்ளையென்று நான் எழுதிய உங்கள் மருமகள்தான். கை பழக முதலில் தனக்கே ஒன்று போட்டுக்கொண்டாளாம். அத்தானின் முழங்கால் என்ன கொம்பனி என்றும் விசாரித்தாள். மருமகனின் நெற்றி முட்டுகளைப் பற்றிக் கேட்டேன். ஒன்று கொஞ்சம் சரிந்து கிடக்கிறதாம், நிமிர்த்தித் தருவதற்கு ஆள் பார்க்கிறாளாம்.

நீங்கள் வந்து இறங்கும்போது ஆசையில் என் கையைப் பிடித்து அமுக்கிப்போடாதீர்கள், கும்பிட்டால் போதும். இன்னும் நோகிறது.