பேர் சொல்லும் கொத்துரொட்டி

நாகலெட்சுமியின் வாயால் ஒரு தடவையாவது தன் பெயரைக் கேட்காமல் கண்ணை மூடுவதில்லை என்று சிவசாமி சபதம் எடுத்தார். மத்தியானத் தூக்கத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

கட்டிய நாள் முதல் அவள் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. பெயரை மட்டுமா? அதன் பக்கத்து வீட்டுக்கும் போகமாட்டாள். அவளிடம் சிவப்புச் சேலை கிடையாது. 'வெத்தலை போட்ட கலர்' சேலைதான். சாமி கும்பிடவும் மாட்டாள். 'கோயில்ல இருக்கிறவரை'க் கும்பிடுவாள். இலக்கணக்காரர்கள் இடக்கரடக்கல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது. தன் பெயர் அந்த வகையில் சேர்ந்துவிட்டதே என்பதுதான் சிவசாமியின் துக்கம்.

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த வரை அவர் 'கணக்கப்பிள்ளை ஐயா'. பிறகு 'நிரோஷன் அப்பா'. பெயர் சொல்லிக் கூப்பிட்ட அப்பன், ஆத்தா, கூட்டாளிமார் எல்லாரும் போய்ச் சேர்ந்தாயிற்று. இப்போது அழைப்பவள் கிளினிக் மிஸ்ஸி ஒருத்திதான், அதுவும் ஊசியோடு. நாகலெட்சுமி சொன்னால் அந்த 'மி' எப்படி முடியும்? இழுபடுமா, சட்டென்று நிற்குமா? இதே ஏக்கம்தான் மனுஷனுக்கு.

வழி காட்டியது நுவரெலியாவின் சனிக்கிழமைச் சந்தை. கம்பளிக் குல்லாவும் பிரம்புக் கூடையும் விற்கும் கடைகள், நடுவே சாப்பாட்டு லொறிகள். போனிலேயே கொத்துரொட்டிக்குச் சொல்லிவைத்து, லொறியடியில் பெயரைச் சொன்னால் பொட்டலம் கைக்கு வரும். மகனைப் பிடித்துத் தன் பெயரில் சொல்லிவைத்தார். சந்தைக்குள் நுழைந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு லொறிக்கு எதிரே இருந்த பெஞ்சில் சாய்ந்தார்.

"கால் வலிக்குது நாகு. நீயே போய் வாங்கிட்டு வா. பேரு கேப்பாங்க, சொல்லிடு."

"கொத்துக்கு எதுக்குங்க பேரு? அதுக்கென்ன காது குத்தவா போறோம்?"

"சொன்னாத்தான் குடுப்பாங்க."

"சரிங்க. சொல்லிட்டாப் போச்சு."

இவ்வளவு சுலபமா! சிவசாமிக்குப் புதுக் கவலை வந்தது. தகரத்தில் கொத்தும் சத்தத்தில் நாலெழுத்தும் அமுங்கிவிட்டால்? காதை மூடியிருந்த குல்லாவைக் கழற்றினார். குளிர் காதைக் கடித்தது. கடிக்கட்டும்.

லொறிக்குள் நின்ற தனுஜா என்ற பெண் குனிந்து கேட்டாள்.

"யாரு பேர்ல ஆன்டி?"

நாகலெட்சுமி முந்தானையால் வாயைத் துடைத்தாள். உதடு பிரிந்தது. சிவசாமி பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார்.

அவள் திரும்பி, சந்தையே கேட்கக் கத்தினாள்.

"என்னங்க! நம்ம கொத்து மாயாண்டிங்கிற பேர்லதானே?"

"மாயாண்டியா?" முழங்கால் வலி எந்தப் பக்கம் போனதோ, சிவசாமி துள்ளி எழுந்தார். "எவன்டி அவன் மாயாண்டி? சிவசாமி! சி-வ-சா-மி!"

கூடைக்காரர், குல்லாக்காரி, கொத்துக்காரன் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நாகலெட்சுமி மட்டும் லொறிப் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுச்சா புள்ள? அதேதான்."