மிக்சர் தட்டில் சுவிஸ் பிராங்க்

பெண் பார்க்கும் அன்று பெண்ணுக்கு இருக்கும் ஒரே பொறுப்பு, காப்பித் தட்டைக் கவிழ்க்காமல் கொண்டுவருவது. அதை நான் ஒழுங்காகச் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவிழ்ந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

டாலர் நாற்பது ரூபாய்க்கும் கீழே இறங்கி, திருப்பூரே முகம் வாடியிருந்த சமயம். நான் சென்னையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் அந்நியச் செலாவணி ஒப்பந்தங்களைப் படித்துப் படித்து, உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தேன். (அந்த வயதில் எல்லோருக்கும் வரும் காய்ச்சல்தான். எனக்குக் கொஞ்சம் அதிகம்.)

“காப்பியக் குடுத்துட்டு, கும்புட்டுட்டு உள்ள வந்துரு கண்ணு. சட்டம் கிட்டம்னு பேசாத” என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினாள்.

மாப்பிள்ளையின் அப்பா பனியன் ஏற்றுமதி செய்பவர். அம்மா மாசக்கணக்கில் ஆசைப்பட்ட இடம். நான் தட்டை நீட்டியபோது அவர் என் அப்பாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“டாலர் போனாப் போகுதுங்க. பேங்க்ல புதுசா ஒரு காண்ட்ராக்ட் போட்டிருக்கறனுங்க. சுவிஸ் பிராங்க் ஒரு வெலையத் தொடாத வரைக்கும் நமக்குக் காசு வந்துட்டே இருக்கும்.”

கும்பிட்டுவிட்டு உள்ளே போயிருக்கலாம்.

“தொட்டுருச்சுன்னா என்னங்க மாமா?” என்றேன். (உறவு முடிவாகும் முன்பே மாமா. அவரை நான் கடைசியாக மாமா என்றதும் அப்போதுதான்.)

“அதெல்லாந் தொடாதுன்னு பேங்க்காரத் தம்பி சொல்லுச்சு கண்ணு.”

மாப்பிள்ளை கையிலிருந்த மிக்சர் தட்டை வாங்கி டீப்பாய் மேல் வைத்தேன். தட்டின் விளிம்புதான் அந்த விலை, மிக்சர் மேல் கிடந்த முறுக்குதான் பிராங்க். “முறுக்கு விளிம்பைத் தொடாத வரைக்கும் பேங்க் உங்களுக்கு ஒவ்வொரு காராபூந்தியா குடுக்குமுங்க. தொட்டுச்சுன்னா,” முறுக்கை விளிம்பில் இடித்து, தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன், “தட்டே பேங்குக்குங்க. உங்க பனியன் ஒண்ணாவது சுவிட்சர்லாந்துக்குப் போகுதுங்களா?”

“இல்லீங்க” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“அப்ப இது வியாபாரம் இல்லீங்க. சூதாட்டமுங்க.”

வீடு தேடி வந்தவரைச் சூதாடி என்று சொல்லிவிட்டது, அம்மாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மாப்பிள்ளை பாவம், தன் முறுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டு, “வர்றமுங்க” என்று எழுந்தார். அந்த வீட்டிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. அம்மாவும் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த வருடம் வெயில் ஏறுவதற்குள் முறுக்கு விளிம்பைத் தொட்டுவிட்டது. நான் ஊருக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேங்க் காகிதங்களோடு அவர் தனியாக வாசலில் நின்றார். சொன்னது பலித்துவிட்ட பெருமையெல்லாம் அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. பலிக்காமலே இருந்திருக்கலாம் என்று மனசார நினைத்தேன்.

“கம்பெனியே கைய விட்டுப் போயிரும் போல கண்ணு. அன்னிக்கு மிக்சர் தட்டுல காட்டுனீங்கல்ல, அதையே ஜட்ஜு ஐயாவுக்கும் காட்டோணுமுங்க.”

அதுதான் என் முதல் வழக்கு. சீனியருக்குப் பின்னால் நின்று, வாய்தா மேல் வாய்தாவாக நடத்தினோம். கடைசியில் பேங்க் சமரசத்துக்கு இறங்கி வந்தது, கம்பெனி பிழைத்தது. மகனுக்குச் சோமனூரில் பெண் எடுத்தார்கள். கல்யாணப் பந்தியில் அவரே வாளியைத் தூக்கிவந்து எனக்குப் பரிமாறினார். போதும் என்று சொல்ல மனசே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பின்னாளில் என்னைக் கட்டிக்கொண்டவர் பெண் பார்க்க வந்தபோது, அம்மா தட்டே வைக்கவில்லை. ஆளுக்கொரு வாழைப்பழம்தான்.

இதே சட்டத்தில் இத்தனை வருடம் ஓட்டியாகிவிட்டது. “மாப்பிள்ளை வருவாருன்னு பாத்தா, கட்சிக்காரரு வந்தாரு” என்று அம்மா இன்னும் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறாள். பெரிய வழக்குக்கு நான் கறுப்புக் கோட்டோடு கிளம்பினால் போதும், வாசல்வரை வந்து, சிரிக்காமல் கேட்கிறாள்:

“மிக்சர் தட்டு எடுத்துக்கிட்டயா கண்ணு?”