பலூன் விஷயமாக அக்காவுக்கு எழுதுவது

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கண்ணுக்கு நல்லதல்ல என்று டாக்டர் சொன்னதால் பேப்பர் வாசிப்பதை நிறுத்திவிட்டதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த டாக்டர் நன்றாக இருக்கட்டும். ஒருவேளை மறதியாக வாசித்திருந்தால், எட்டாம் பக்கத்தில் வந்த படத்தைப் பற்றி நானே பதறாமல், ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுவதுதான் முறை. 'உங்கள்' என்று எழுத எழுதக் கை கூசுகிறது. சின்ன வயதில் என் காதைத் திருகியவளுக்கு இப்படி எழுதினால் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது. இனி நீ.

நம் பிள்ளைக்கு இப்போது பத்தொன்பது. கிளப் கால்பந்து அணியில் வலது ஓரத்தில் ஓடுகிறவன். பந்தோடு போய்க்கொண்டே சட்டென்று திசை மாறுவதால் மைதானத்தில் எல்லோருக்கும் அவன் தும்பி. வீட்டில் நான் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கோபமாக இருக்கிறேன் என்று அர்த்தம். அந்தப் படம் வந்த செவ்வாய்க்கிழமை ஒரே காலையில் ஏழு முறை முழுப்பெயர் சொன்னேன். படத்தில் அவனும் கூட ஆடுகிற மூன்று பேரும், பயிற்சி முடிந்த மத்தியானத்தில், கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டைத்தளத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான்கு வாயிலும் நான்கு பலூன். நம்முடையவனுக்கு மஞ்சள். கண் பாதி மூடி, தொட்டிலில் கிடந்தபோது பார்த்த அதே முகம். மேலே கொட்டை எழுத்தில், 'கோல் அடிக்கச் சொன்னால் காற்றடிக்கிறார்கள்'.

பலூன் ஊதுவது எப்போதிலிருந்து குற்றம் என்று எனக்குப் புரியவில்லை. பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாளே உன் தம்பி பெண்டாட்டி, அவள்தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள். "அது சிரிப்பு வாயுங்க. எங்க கிளினிக்ல பல்லு பிடுங்கறப்ப குடுப்போமே, அதேதான். சின்னச் சின்னக் குப்பியில கடையில விக்கறாங்க, பலூன்ல நிரப்பி இழுக்கறாங்க. சட்டப்படி தப்பில்ல. ஆனா அடிக்கடி எடுத்தா காலு கையி நரம்பு மரத்துப் போகும். எனக்கு அந்தப் பயம்தான்." காலை வைத்துப் பிழைக்கிற பிள்ளைக்கு இது தேவையா என்று நான் குதித்தேன். நம் குடும்பத்தில் டீயைத் தாண்டி எவனாவது எதையாவது தொட்டிருக்கிறானா என்றும் கேட்டேன். தும்பி தலையைக் குனிந்து, "ஒரே தடவைதான்பா" என்றான். எங்கே வாங்கினாய், யார் முதலில் கொண்டுவந்தது, யார் படம் எடுத்தது, வேறு யார் பார்த்தார்கள் என்று வரிசையாகக் கேட்டேன். அவன் ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான்.

அன்று மத்தியானத்துக்குள் டிவியில் ஒரு மேஜையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். அதில் பழைய கோல்கீப்பர் ஒருவர், தன் காலத்தில் பலூனே கிடையாது என்றார். எங்கள் கட்டடத்து வாசலில் கேமராக்காரர்கள் கூடினார்கள், பிறகு படியேறி வந்தார்கள், பிறகு எங்கள் நான்காவது மாடியிலேயே குடியிருக்கத் தொடங்கினார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரர், "இதுல கேஸ் போட ஒண்ணுமே இல்லைங்க" என்று வருத்தத்தோடு சொல்லி, தன் மகளுக்காக தும்பியிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நான் குப்பைப் பையோடு இறங்கினாலும் என்னைப் படம் எடுத்தார்கள். வியாழக்கிழமைப் பேப்பரில் அந்தக் குப்பைப் பை ஒரு அம்புக்குறியோடு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை கிளப் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மெத்தென்ற நாற்காலி, கண்ணாடிச் சுவர், கீழே பச்சையாக மைதானம். தட்டச்சு செய்த ஒரு தாளை நகர்த்தி வைத்தார். மறுநாள் நிருபர்கள் முன்னால் தும்பி அதை வாசிக்க வேண்டும். பலூனில் இருந்தது வெறும் காற்று, அண்ணன் மகளின் பிறந்தநாளுக்காக ஊதிக்கொண்டிருந்தோம் என்று அதில் இருந்தது.

"எனக்கு ஏது சார் அண்ணன்?" என்றான் தும்பி.

"அக்கா மகள்னு மாத்திக்கலாம்."

"அக்காவும் இல்ல."

"சித்தப்பா மகள்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். "எனக்குத் தம்பி கிடையாதுங்க" என்றேன், ஏதோ என் தவறு மாதிரி. அவர் பேனாவை மூடிவிட்டு, வாசித்தால் அடுத்த பருவமும் ஒப்பந்தம் உண்டு, இல்லையென்றால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான், "வாசிச்சுட்டுப் போயேன்டா, நாலு வரிதானே" என்று சொன்னேன் அக்கா. ஆமாம், நான்தான் சொன்னேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணாடியில் மரங்கள் அவன் முகத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தன.

பின்வாசல் வழியாக வந்து லிஃப்டில் ஏறினோம். கதவு மூடுகிற சமயத்தில் ஒரு கை உள்ளே வந்தது, அதைத் தொடர்ந்து ஒரு பெண். முதல் படத்தைப் போட்ட அதே பேப்பரின் நிருபர், சின்ன வயசு. "ஒரே ஒரு கேள்வி" என்றாள். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நான் இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். அந்த லிஃப்டுக்கு மாதாமாதம் எண்ணெய் போட்டுக் கையெழுத்து இடுகிறவனும் நான்தான். காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மேலே கேமரா முக்காலியை யாரோ கதவின் மேல் சாய்த்ததில் கதவுப் பூட்டு விலகிவிட்டது. கதவு சரியாகப் பூட்டாவிட்டால் லிஃப்ட் நின்றுவிடும். நிற்க வேண்டும். அதுதான் பாதுகாப்பு. இதை அந்தப் பெண்ணிடம் விளக்கினேன். அவளுக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

"இது விழுந்துடுமா?"

"விழாதும்மா. மேல நாலு கம்பி வடம் பிடிச்சிருக்கு. ஒண்ணே போதும்."

"அப்ப மத்த மூணு எதுக்கு?"

இருபத்தாறு வருஷத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது, நெற்றியெல்லாம் வேர்வை. தும்பி அவளைத் தரையில் உட்கார வைத்து, கைப்பையை வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான். "நாலு எண்ணற வரைக்கும் மூச்சை இழுங்க. நாலு எண்ணற வரைக்கும் விடுங்க. பெனால்டி அடிக்கறதுக்கு முன்னாடி நான் இதைத்தான் பண்ணுவேன்."

"எல்லாம் உள்ள போயிருக்கா?" என்று கேட்டாள் மூச்சு வாங்கிக்கொண்டே.

"ரெண்டு வெளிய போயிருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். மூச்சும் மெதுவாகச் சீரானது. நான் மேல்மாடிக் கணக்கு வாத்தியாருக்கு போன் போட்டு, மின்சாரத்தை அணைத்துவிட்டு மோட்டார் அறையில் பிரேக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னேன். அறைச் சாவியைத் தேட வேண்டும் என்றார். அதன் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை அக்கா. விளக்கு மங்கலாகிவிட்டது. கதவின் மேல்பக்கம் ஒரு சாண் அளவுக்கு வெளிச்சம். அதில் நான்காம் மாடிக்காரர்களின் செருப்புகளும் ஷூக்களும் மீன்கள் மாதிரி வந்து வந்து திரும்பின. அவர்கள் பேசுவது காதில் விழுந்தது, ஆனால் சொற்கள் இல்லாமல் வெறும் ஒலியாக. நாங்கள் மூவரும் ஒரு பெட்டிக்குள், மேலும் போகாமல் கீழும் போகாமல், யாருக்கும் வேண்டாதவர்களாகத் தொங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு அது பிடித்திருந்தது என்று எழுதினால் நீ என்னைத் திட்டுவாய்.

அவள் குறிப்பு நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, "எழுத மாட்டேன். சும்மா கேக்கறேன். எப்படி இருந்துச்சு?" என்றாள்.

அத்தனை கேள்வி கேட்ட எனக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவே இல்லை.

"அரை நிமிஷம்தான்" என்றான் தும்பி. "முதல்ல காதுல தேனீ மாதிரி ஒரு சத்தம். அப்புறம் எல்லாமே தூரமாப் போயிடுச்சு. குளத்துக்கு அடியில உக்காந்திருக்கற மாதிரி. கரையில யாரோ நடக்கறாங்க, அவங்க நிழல் மட்டும் தண்ணிக்குள்ள வந்து போகுது. அவங்க யாருக்கும் என்னைத் தெரியாது. இன்னிக்கு நல்லா ஆடினியான்னு யாரும் கேக்கல. நானும் என்னைக் கேட்டுக்கல. அப்புறம் பலூன் சுருங்கிடுச்சு. தலை வலிச்சுது. பார்த்தா கார்களுக்கு நடுவுல உக்காந்திருக்கேன்."

ஒவ்வொரு ஆட்டம் முடிந்து வந்ததும் வாசலிலேயே வைத்து 'நல்லா ஆடினியா' என்று கேட்பது யார் என்று உனக்குத் தெரியும். நான் கதவின் திருகுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். "அந்தத் தாளை நீ வாசிக்க வேண்டாம்டா" என்றேன். அவன் என் முட்டியைத் தட்டினான், மைதானத்தில் கூட ஆடுகிறவர்களைத் தட்டுகிற மாதிரி.

அப்போது போன் வந்தது. வாத்தியார் சக்கரத்தின் முன் நின்றிருந்தார்.

"இடப்பக்கமா சுத்துங்க சார்."

"யாருடைய இடப்பக்கம்?"

"உங்களோடதுதான்."

"அது நான் சக்கரத்துக்கு எந்தப் பக்கம் நிக்கறேங்கறதைப் பொறுத்ததில்லையா?"

நான்கு விரற்கடை மேலே போனோம், நான்கு விரற்கடை கீழே வந்தோம். இப்படியே எழுபது நிமிஷம். கடைசியில் நான்காம் மாடிக்கு ஒரு முழம் கீழே நிறுத்திக் கதவைத் திறந்தேன். அந்தப் பெண்ணை முதலில் ஏற்றிவிட்டோம், பிறகு தும்பி தாவி ஏறினான். எதிரில் பதினைந்து கேமரா. பலூன்ல என்ன இருந்தது என்று ஒரே கூச்சல். அவன் நிதானமாகச் சொன்னான்: "சிரிப்பு வாயுதான் இருந்துச்சு. ஒரு தடவை எடுத்தேன். நரம்புக்கு ஆகாதுன்னு அம்மா சொல்றாங்க, இனி எடுக்க மாட்டேன். இப்ப கொஞ்சம் நகருங்க, அப்பாவோட பேன்ட் மாட்டிக்கிச்சு." பதினைந்து கேமராவும் என் பக்கம் திரும்பின. நான் பாதி வெளியிலும் பாதி உள்ளேயும், பேன்ட் கொக்கியில் மாட்டி, தவழ்கிற நிலையில் இருந்தேன்.

மறுநாள் முதல் பக்கத்தில் என் படம். 'தன் லிஃப்டிலேயே தொங்கிய மெக்கானிக்'. பழைய கோல்கீப்பர் டிவியில் லிஃப்டுகளைப் பற்றிப் பேசினார். பலூனை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அந்தப் பெண் வாக்குத் தவறவில்லை. குளத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பயந்துபோன தனக்கு ஒரு விளையாட்டுக்காரன் மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தான் என்று மட்டும் சின்னதாக எழுதியிருந்தாள்.

கிளப் அவனை இரண்டு ஆட்டங்களுக்கு உட்கார வைத்தது. மூன்றாவதில், நேற்று மாலை, இறக்கியது. எதிரணி ஆதரவாளர்கள் கேலி செய்வதற்கென்றே ஆளுக்கொரு மஞ்சள் பலூனோடு வந்திருந்தார்கள். அவன் முதல் முறை பந்தைத் தொட்டதும் அத்தனையையும் விட்டார்கள். காற்று மைதானத்துப் பக்கமாக வீசியது. நூற்றுக்கணக்கான பலூன்கள் அவசரமே இல்லாமல் புல்லின் மேல் இறங்கி உருண்டன. நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, ஷூவால் ஒவ்வொன்றாக மிதித்து உடைத்துக்கொண்டு நடந்தார். சாயங்கால வெயில், பச்சை, மஞ்சள், நடுவில் இடுப்பில் கை வைத்து நம் பிள்ளை. ஒரு பலூன் அவன் தலைக்கு மேல் வந்தது. அண்ணாந்து, மெல்ல, தலையால் முட்டினான். அது எழும்பி, எதிரணி கோல்கீப்பரிடம் போக, அவர் மரியாதையாக இரண்டு கையாலும் பிடித்தார். கேலி செய்ய வந்தவர்களே கைதட்டினார்கள். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. ஒப்பந்தம் பற்றி மேனேஜர் இன்னும் வாய் திறக்கவில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்தபோது நான் வாசலில் ஒன்றும் கேட்கவில்லை. பசிக்குதா என்று மட்டும் கேட்டேன்.

ஆகவே அக்கா, நீ யார் மூலமாகவும் அரைகுறையாகக் கேள்விப்பட்டுக் கலங்கக்கூடாது என்றுதான் இவ்வளவும். அவனைப் போனில் கூப்பிட்டு ஏதும் கேட்டுவிடாதே, கூச்சப்படுவான். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க மறக்காதே. உன் நல்ல வார்த்தை எங்கள் வீட்டின் மேல் எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பி.கு.: உறைக்குள் போடுவதற்கு முன் தும்பி இதை வாங்கி வாசித்துவிட்டான். "அத்தைக்கு இதெல்லாம் அப்பப்பத் தெரியுமேப்பா, பலூன் விஷயத்தை உங்களுக்கு முன்னாடியே அவங்ககிட்டதான் சொன்னேன்" என்கிறான். நீ போனில் சிரித்தாயாம். உன் கல்யாணத்துக்கு முந்தின நாள், என் பத்தொன்பதாவது வயதில், நான் அத்தானின் சுருட்டைத் திருடிப் பிடித்துவிட்டு, காலியாக இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் படுத்து, மேகமாகிவிட்டேன் யாரும் தொடாதீர்கள் என்று சொன்னதையும் சொல்லிவிட்டாயாம். மூன்று வாரமாக இந்த வீட்டில் நான் ஒருவன்தான் ஒன்றும் தெரியாதவன் போலிருக்கிறது. ஆகவே இந்தக் கடிதத்தை நீ வாசிக்க வேண்டியதில்லை. தபால்தலை ஒட்டிவிட்ட காரணத்தால்தான் அனுப்புகிறேன். தொட்டிக்குள்ளிருந்து நான் பாடிய பாட்டை மட்டும் நீ இன்னும் அவனிடம் சொல்லவில்லை என்று தெரிகிறது. அது அப்படியே இருக்கட்டும் அக்கா.