காரைமங்கலத்து வெற்றிக் கதை

பெரிய கோயிலுக்குப் பிறகு தஞ்சைச் சீமையில் எழுந்த மகத்தான கட்டடம் எது என்று யாராவது கேட்டால், காரைமங்கலத்து உரக் கிடங்கு என்று தயங்காமல் சொல்லலாம். அதற்கு வெள்ளையடித்து, உள்ளே வெல்டிங் மெஷின், இரும்பு அறுக்கும் மெஷின், பிளாஸ்டிக்கை உருக்கிப் பொம்மை மாதிரி எதையும் வார்த்துத் தரும் பிரின்டர் எல்லாம் வைத்து, வாசலில் 'சமூக மேக்கர் ஸ்பேஸ்' என்று பலகை மாட்டினார்கள். யாரும் வந்து வேண்டியதைச் செய்துகொள்ளலாம் என்கிற பொதுக் கூடம். ஊராரின் திறமை, தொழில், நல்வாழ்வு மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழே வளர்ப்பது நோக்கம். முதல் வாரம் சிலர் பேக்கரி என்று நினைத்து வந்து பப்ஸ் கேட்டார்கள். அவர்களுடைய நல்வாழ்வு கொஞ்சம் தள்ளிப்போனது.

ரெங்கம்மாள் பப்ஸுக்காக வரவில்லை. அவள் குத்தகைக்கு நிலம் பிடித்துச் சம்பா போடுகிறவள். களையெடுக்க ஆள் கிடைக்காமல் ஒரு கோனோவீடர் வாங்கியிருந்தாள். நடவு வரிசைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனால் களையைச் சேற்றில் அமுக்கிவிடும் இரும்பு உருளை அது. அதை வடிவமைத்தவர்கள் ஆறடி உயர ஆண் ஒருவனை மனதில் வைத்திருந்தார்கள். அந்த ஆண் எந்த வயலிலும் களையெடுத்ததாகத் தகவல் இல்லை. அவன் தோளுயரம் கூட இல்லாத ரெங்கம்மாள் அதைத் தள்ளினால், மறுநாள் கையைத் தூக்கித் தலைவார முடியாது.

கூடத்தில் வெல்டிங் சொல்லிக்கொடுத்தவன் முத்துப்பேட்டை ஷஹ்பாஸ். அவனும் ரெங்கம்மாளும் பக்கத்து வீட்டு ஆனந்தவல்லியும் சேர்ந்து கருவியை வெட்டி ஒட்டினார்கள். முதலில் அது குட்டையாகிப்போய்க் குனிந்தே தள்ள வேண்டியிருந்தது. அடுத்த தரம் வயலில் இறங்கியதும் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி சேற்றுக்குள் போனது. ஆனந்தவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் பழைய சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பொருத்தியதும் ஒரு மாதிரி சரியாக வந்தது. ரெங்கம்மாள் ஒரு வரிசை ஓட்டிவிட்டு வந்து தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வலிக்கவில்லை.

ஊர்ப் பெண்கள் எனக்கொன்று, எனக்கொன்று என்று வரத் தொடங்கினார்கள். ஷஹ்பாஸ் பழைய சைக்கிள் தேடி மன்னார்குடி வரைக்கும் போனான்.

இப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊர் முழுக்கக் களையெடுத்து முடித்திருப்பார்கள். வெளியே ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நல்லவேளையாக, கூடத்தின் இயக்குநர் நெடுமாறன் விழித்துக்கொண்டார். அதே ஊர் விவசாயி மகன், சென்னையில் மேலாண்மை படித்துத் திரும்பியவர். கருவியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது கருவி அல்ல, 'வெற்றிக் கதை' என்று அறிவித்தார். கருவி சேற்றில் கிடக்கலாம். வெற்றிக் கதை கிடக்கலாமா? அதைக் கழுவி, பெயின்ட் அடித்து, கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பார்வையாளர்கள் மேல் தீப்பொறி தெறிக்கும் என்பதால், அடுத்த கருவிக்கு இரும்பு அறுக்கும் முன்பே வெல்டிங் நிறுத்தப்பட்டது. ஷஹ்பாஸுக்கு 'விளக்கவுரையாளர்' என்று பதவி உயர்வு வந்தது. வெல்டிங் ராடு பிடித்த கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

ரெங்கம்மாளையும் கூடம் சும்மா விடவில்லை. சென்னை மாநாடு, கோயம்புத்தூர் கருத்தரங்கு, அப்புறம் டெல்லி என்று அழைத்துப் போனது. பொய் சொல்லக் கூடாது, முதலில் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. விமானத்தின் ஜன்னல் வழியே மேகத்தைக் குனிந்து பார்த்தாள். பொன்னாடை போர்த்தினார்கள். ஹேண்டில்பாரை வெட்டி ஒட்டினோம் என்று அவள் பேசியதை நெடுமாறன் திருத்தி, 'பயனாளியை மையப்படுத்திய வடிவமைப்பு' என்று சொல்லப் பழக்கினார். அவளும் தடங்கலில்லாமல் சொன்னாள். ஜனங்கள் கைதட்டினார்கள்.

டெல்லியில் இருந்தபோது ஆனந்தவல்லி போன் பண்ணினாள்.

"கோரை மண்டிக் கெடக்குக்கா. என் வயலையே கையால பறிச்சு மாளல. உன்னுதுல எங்க எறங்குறது? நீ எப்ப வர்றே?"

அன்று மத்தியானமே கூடத்துக்காரர்கள் ரெங்கம்மாளின் நல்வாழ்வை அளக்க ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, மனநிலைக்கு ஏற்ற முகத்தைத் தொடச் சொன்னார்கள். ரெங்கம்மாள் அழுகிற முகத்தைத் தொட்டாள். 'மீண்டும் முயலவும்' என்று வந்தது. சிரிக்கிற முகத்தைத் தொடும்வரை அது விடவில்லை. அவளது நல்வாழ்வு முழு மதிப்பெண் பெற்றது.

ஊர் திரும்பியதும் வரப்பில் நின்று பார்த்தாள். நெல்லுக்கு மேலே கோரை தளதளவென்று நின்றது. குத்தகை அளந்தது போக மிஞ்சுவதுதான் வீட்டுக்கு வருடச் சோறு. அவள் கால் கழுவாமல் நேரே கூடத்துக்கு, நெடுமாறனிடம் போனாள்.

"தம்பி, பெட்டியத் தொறந்து அதைக் குடுங்க. ஓட்டிட்டுக் கழுவிக் கொண்டாந்து வச்சிடுறேன்."

"அக்கா, அது இப்ப கூடத்தோட அடையாளம்க்கா. விருதுக் குழு வரப்போவுது. பெட்டி காலியா இருந்தா நல்லாவா இருக்கும்?"

"என் வயலு காலியாயிடுமே, தம்பி."

நெடுமாறன் கல்நெஞ்சர் அல்ல. பிரின்டரை ஓடவிட்டு, மஞ்சள் பிளாஸ்டிக்கில் உள்ளங்கையளவு கோனோவீடர் ஒன்றை வார்த்துக் கொடுத்தார். எடை மிகவும் குறைவு என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். பக்கத்தில் நின்ற ஷஹ்பாஸ் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

விருதுக் குழு வந்தது. தலைவியான வடநாட்டு அம்மையார் ரெங்கம்மாளின் வயலுக்கே வந்து, வரப்பில் நின்றபடி கோரையைத் தடவிக்கொடுத்து, இத்தனை செழிப்பான பயிரைத் தாம் பார்த்ததில்லை என்று இங்கிலீஷில் வியந்தார். போட்டோ எடுத்தார்கள். சின்ன வயதில் அதே கோரையைப் பறித்து வளர்ந்த நெடுமாறன், வாய்க்காலில் நின்ற கொக்கு ஒன்றை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அது நெல்லு இல்லீங்க. கோரை. நெல்லு அடியில கெடக்குதுங்க" என்றாள் ரெங்கம்மாள்.

என்ன சொல்கிறாள் என்று அம்மையார் கேட்டார். எல்லாமே அடித்தட்டிலிருந்து வந்தது என்கிறாள் என்று நெடுமாறன் மொழிபெயர்த்தார். அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது.

நாட்டின் சிறந்த கூடம் என்ற விருது காரைமங்கலத்துக்கே கிடைத்தது. செய்தியைச் சொல்ல நெடுமாறன் வயலுக்கே வந்தார். ரெங்கம்மாளும் ஆனந்தவல்லியும் முட்டளவு சேற்றில் குனிந்து கையால் பறித்துக்கொண்டிருந்தார்கள். பாதி வயலில் நெல் வெளுத்துப்போயிருந்தது.

"அக்கா, மேடைக்கு நீங்கதான் வரணும். இந்த வயல் போட்டோதான் அவங்களுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சாம்."

ரெங்கம்மாள் நிமிர்ந்தாள். பறித்த கோரையை அள்ளி வரப்பில், அவர் செருப்புக்குப் பக்கத்தில் போட்டாள்.

"போட்டோல இருந்தது இதுதானே தம்பி. நான் நட்டது நெல்லு. இதை வளத்தது நீங்க. நீங்களே போயி வாங்கிக்கங்க."

நெடுமாறன் நெகிழ்ந்துபோனார். ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில், 'தம் வயலில் செழித்து வளர்ந்த அனைத்துக்கும் கூடமே காரணம் என்று பயனாளியே மனமுவந்து தெரிவித்தார்' என்று அச்சிடப்பட்டது. 'மனமுவந்து' என்பதைத் தவிர அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.