கம்ப்யூட்டர்ல மட்டும் ஓடுன மோட்டார்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. ராஜபாளையம் போயி ஒரு லெட்டர் வாங்கிட்டு வரணும்.

தொண்ணூறுகள்ல எங்க காலேஜ்ல இன்ஜினியரிங் கடைசி வருஷம்னா ப்ராஜெக்ட் செஞ்சா மட்டும் போதாது. 'இந்தப் பிள்ளை செஞ்ச மெஷின் எங்க கம்பெனியில ஒழுங்கா ஓடுச்சு'ன்னு ஒரு முதலாளி லெட்டர்பேடுல எழுதி, சீல் குத்தித் தரணும். லெட்டர் இல்லையா, வைவாங்கிற வாய்மொழிப் பரீட்சைக்கு உள்ளயே விட மாட்டாங்க. ஒரு வருஷம் போச்சு!

என் ப்ராஜெக்ட் ஸ்டெப்பர் மோட்டார். கடிகார முள்ளு மாதிரி டக் டக்குன்னு ஒவ்வொரு அடியா எடுத்து வைக்கிற மோட்டார். ராஜபாளையத்துல காதர் பாய்னு ஒருத்தர் பேண்டேஜ் துணி வெட்டுற ஷெட் வச்சிருந்தாரு. அவருகிட்ட, "துணியை அளவா இழுத்துக் குடுக்க ஆளே வேண்டாம் பாய், மோட்டார் பாத்துக்கும்"னு ஒரு மாசமா அளந்துவிட்டிருந்தேன்.

அம்புட்டு தைரியம் எங்க இருந்து வந்துச்சு? காலேஜ் கம்ப்யூட்டர்ல இருந்துதான்! மோட்டாருக்குள்ள இருக்கிற காயிலை, அந்தக் கம்பிச் சுருளை, ஒரு சர்க்யூட்டா எழுதிக் குடுத்தா, மோட்டார் எப்படி ஓடும்னு திரையில கோடு போட்டுக் காட்டும். நான் என்ன வேகம் கேட்டாலும் ஓடிக் காட்டுச்சு.

அதுல ஒரு சின்ன விஷயம். காயிலோட ரெசிஸ்டன்ஸை அளந்து போட்டுட்டேன். இண்டக்டன்ஸ்னு இன்னொண்ணு போடணும். அதை அளக்கிற மீட்டர் பீரோவுக்குள்ள. பீரோ சாவி அட்டெண்டர்கிட்ட. அட்டெண்டர் மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போயிட்டாரு.

'ஜீரோன்னு போடு, என்ன குடியா முழுகிரும்'னு போட்டுட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் ஏறினேன். மோட்டாரை எடுத்துட்டுப் போக வீட்ல கிடைச்சது ஒரு பால்கோவா டப்பா. பாய் ஷெட்டுக்குள்ள நுழைஞ்சதும் அந்த டப்பாவைப் பாத்துட்டு, வேலை பாத்த அம்புட்டு பேரும் கையைத் துடைச்சிட்டு வந்து சுத்தி நின்னாங்க. திறந்து காட்டுனேன். ஒரு நொடியில எல்லார் மூஞ்சியும் தொங்கிருச்சு.

"திங்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையாட்டி?"ன்னு கேட்டது இருளாயி அக்கா. துணி இழுத்து அளக்கிறது அவங்க வேலை. அதாவது, நான் காலி பண்ண வந்த வேலை.

உருளையில மோட்டாரை மாட்டி, துணியைக் கோத்து, வேகத்தை முழுசா வச்சு, சுவிட்சைப் போட்டேன்.

"ஙொய்ய்ய்ய்ய்!"

சத்தம் மட்டும்தான். மோட்டார் நின்ன இடத்துலயே நின்னு கடகடன்னு நடுங்குச்சு.

"ஏட்டி, அதுக்குக் குளிர்காய்ச்சலா?"ன்னாங்க அக்கா.

அப்பதான் எனக்கு அந்த ஜீரோ உறைச்சுச்சு. இண்டக்டன்ஸ் இருக்கிற காயில் கரண்டை உடனே உள்ள விடாது, செத்த நேரம் மல்லுக்கட்டும். முதல் அடிக்கே கரண்ட் வந்து சேரல, அதுக்குள்ள நான் அடுத்த அடி எடுன்னு விரட்டுறேன். பாவம், அது என்ன பண்ணும்!

"கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுச்சு பாய்."

"அப்ப துணியையும் அந்தக் கம்ப்யூட்டர்லயே வெட்டிருவமா?"

வேகத்தைக் குறைச்சேன். நடுக்கம். இன்னும் குறைச்சேன். முனகல். ஒரேயடியாக் குறைச்சதும் டக்... டக்... டக்னு ஓடுச்சு! "பாருங்க பாய்!"னு கத்தினேன்.

எல்லாரும் பாத்தாங்க. ஒரு முழம் துணி வர்றதுக்குள்ள இருளாயி அக்கா டீ குடிச்சு, கிளாஸைக் கழுவி வச்சு, வந்து கையாலயே நாலு முழம் இழுத்துப் போட்டுட்டாங்க.

"பொறவு பாப்போம், நீ மெதுவா வா ராசா"ன்னு மோட்டாரைத் தட்டிக் குடுத்தாங்க.

மானம் போனது போகட்டும், லெட்டர்?

"ஒழுங்கா ஓடுச்சுன்னு ஒரு வரி மட்டும் எழுதிக் குடுங்க பாய்."

"ஓடாததை ஓடுச்சுன்னு எப்படிம்மா எழுதுறது? கையெழுத்து என்னுதுல்ல?"

அழுதுட்டேன். நடிப்பெல்லாம் இல்லை, நிஜமாவே அழுதேன். பாய் பதறிப் போயி லெட்டர்பேடை எடுத்தாரு. பேனா மூடியைக் கடிச்சிட்டு ரொம்ப நேரம் யோசிச்சாரு. எழுதி, சீல் குத்தி, மடிச்சுக் குடுத்தாரு. "பொய்யும் இல்லை, உனக்கும் பாதகமில்லை"ன்னாரு.

பஸ்ல பிரிச்சுப் படிச்சேன்.

'இந்த மோட்டார் மிக நன்றாக ஓடும் என்று இந்த மாணவி என்னிடம் பலமுறை கூறியுள்ளார் என்று இதன்மூலம் உறுதி அளிக்கிறேன்.'

வேற வழியே இல்லாம அதையே ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல வச்சுத் தச்சேன். ஆபீஸ்ல சீலை மட்டும் பாத்துட்டு உள்ள விட்டுட்டாங்க.

வைவா எடுக்க வந்த வெளியூர் ப்ரொஃபசர் சீலைத் தாண்டியும் படிச்சாரு. ரெண்டு தடவை படிச்சாரு. இண்டக்டன்ஸ் ஜீரோன்னு நான் போட்டிருந்த பக்கத்தையும் புரட்டிப் பாத்தாரு. கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தாரு.

"பலமுறைன்னா எத்தனை தடவைம்மா?"

"எண்ணலை சார்."

"அதுக்காவது ஒரு ரீடிங் எடுத்திருக்கலாமே"ன்னு சொல்லிக்கிட்டே பாஸ் மார்க் மட்டும் போட்டாரு.