ஆயில் லைட்டும் ஒட்டுப் பொட்டும்

காத்திருக்கிற மனிதனைக் கடைப்பக்கம் விடக் கூடாது. பொழுது போகாமல் எதையாவது வாங்கிவிடுவான். நான் கார் வாங்கினேன்.

எண்பதுகளின் தொடக்கம். டெல்லி லோதி காலனியில் அரசாங்க குவார்ட்டர்ஸ். என் மனைவி செல்வி தலைப்பிரசவத்துக்காக மதுரைக்குத் தாய்வீடு போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. வேலையில் சேர்ந்த புதிது என்பதால் எனக்கு லீவு கிடைக்கவில்லை. மாதங்கள் ஓடியும் மகளின் முகத்தை நான் பார்க்கவில்லை. போட்டோவாவது அனுப்பச் சொன்னால், பச்சைப் பிள்ளையைப் போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று மாமியார் மறுத்துவிட்டார். செல்விதான் இரக்கப்பட்டுக் கடிதத்தில் எழுதினாள்: "மூக்கு மட்டும் உங்களை மாதிரி. மத்தபடி நல்லா இருக்கா."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு தினமும் கண்ணாடி முன் நின்று, முகத்தின் மற்ற பாகங்களைக் கையால் மறைத்துக்கொண்டு என் மூக்கை மட்டும் பார்ப்பேன். (பைத்தியம்தான், சந்தேகமே வேண்டாம்.) கண்ணாடியில் செல்வி ஊருக்குப் போகுமுன் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் நான்கைந்து அப்படியே இருந்தன. அவற்றை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. சவரம் செய்யும்போது கொஞ்சம் குனிந்தால் பெரிய பொட்டு என் நெற்றியில் சரியாக வந்து உட்காரும். அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருந்த ஒரே துணை அதுதான்.

தை மாதம் அனுப்பி வைப்பதாகக் கடிதம் வந்தது. டெல்லிக் குளிரில் என் மகள் ஆட்டோவில் காதடைக்க வருவதா? மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி விட்டுச்சென்ற கிழட்டுக் காரை வாங்கினேன். எனக்கு முன் எத்தனை பேர் அதை ஓட்டினார்களோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

வண்டி ஓடியது. ஆனால் கொஞ்ச தூரம் போய் இன்ஜின் சூடானதும், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் டாஷ்போர்டில் ஒரு குட்டி சிவப்பு லைட் எரிந்தது. கிளம்பினால் அணைந்துவிடும். ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர் முத்தையாவிடம் சொன்னேன். திருநெல்வேலிக்காரர். அவருடைய மைத்துனர் பஸ் டெப்போவில் வேலை பார்த்ததால், முத்தையாவுக்கு இன்ஜின் பற்றி எல்லாம் தெரியும் என்பது எங்கள் ஆபீசின் நம்பிக்கை. அவருடைய நம்பிக்கையும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். வாசலில், சாக்கடைப் பக்கம் சரிந்த ரோட்டில், மூக்கைக் கீழே வைத்து நின்றிருந்தது கார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை என்னை உருவச் சொன்னார். மேல்கோடு வரை ஆயில் இருந்தது.

"ஆயில் ஃபுல்லா இருக்குவே. அப்போ லைட்டுதான் பொய் சொல்லுது. எங்கயோ வயரு உரசுது."

"கீழே ஆயில் சொட்டியிருக்கே?"

"அது தினம் வந்து நிக்குதுல்லா, பால் வேன், அதுல ஒழுகினது. நம்ம ஆயிலா இருந்தா கம்பில கொறையணுமா வேண்டாமா?"

அச்சா என்று தலையாட்டினேன். அடுத்த நாள் பால்காரனிடம் போய், "பையா, உன் வண்டியைக் கொஞ்சம் கவனி" என்று புத்திமதி வேறு சொன்னேன்.

செல்வி வரும் நாள் விடிந்தது. காருக்குச் சந்தனம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தேன். எல்லாம் சரி, ஆனால் அந்தப் பொய் சொல்லும் லைட்? பிள்ளையோடு வருகிறவள் அதைப் பார்த்துப் பயப்பட மாட்டாளா? உள்ளே போய்க் கண்ணாடியிலிருந்து பெரிய பொட்டை உரித்து வந்து லைட்டின் மேல் ஒட்டினேன். அளவெடுத்த மாதிரி பொருந்தியது. காருக்கே ஒரு லட்சணம் வந்துவிட்டது என்று முத்தையா பாராட்டினார். குழந்தையைப் பார்க்க அவரும் கிளம்பி வந்திருந்தார்.

பனிமூட்டத்தில் ஸ்டேஷனுக்கு மெதுவாகப் போனோம். இந்தியா கேட் தாண்டியதும் டக் டக் என்று ஒரு சத்தம்.

"குளிருல்லா. வண்டிக்குப் பல்லு கிட்டுது" என்றார் முத்தையா.

மண்டி ஹவுஸ் வட்டத்தை நெருங்கும்போது ஓர் உலுக்கல், கொஞ்சம் புகை, அதோடு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். வந்த வழி நெடுகத் தார் ரோட்டில் கறுப்பாய் ஒரு கோடு. பொட்டை உரித்தேன். அடியில் லைட் ஜோராக எரிந்துகொண்டிருந்தது. கம்பியை உருவினேன். சமதளத்தில் அது காய்ந்த விறகுக் குச்சியாக வந்தது.

முத்தையா கம்பியையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "உம்ம வீட்டு வாசல் சரிவுல்லாவே? ஆயில் பூரா முன்பக்கம் வந்து நின்னுருக்கு. அதான் ஃபுல்லுன்னு காட்டிருக்கு."

இதை இப்போது கண்டுபிடித்தார்.

ரயில் வரும் நேரம். எனக்கு அழுகை வந்தது. காரடியில் படுத்து எதையோ இறுக்கினேன், எதையோ துடைத்தேன், அதே கையால் முகத்தையும் துடைத்தேன். எழுந்து வந்து கைகாட்டினேன்; ஆட்டோக்கள் எதுவும் நிற்கவில்லை. என் கோலத்தைப் பார்த்தால் நானே நிறுத்தியிருக்க மாட்டேன்.

ஒரே ஒரு ஆட்டோ நின்றது. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. முன்னால் டிரைவரோடு ஒண்டிக்கொண்டு என் மாமனார். பின்னால் பெட்டிகளுக்கு நடுவே செல்வி. மடியில் கம்பளிச் சுருள் ஒன்று.

"என்னங்க இது?" என்றாள்.

ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க. பிள்ள மேல ஆயிரும்."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கம்பளிக்குள்ளிருந்து ஒரு முகம் என்னைப் பார்த்தது. இத்தனை மாதமும் நான் கற்பனையில் வரைந்த எந்த முகமும் அதுபோல் இல்லை. தூக்கிக்கொள்ள வேண்டும் என்று உடம்பெல்லாம் தவித்தது. செல்வி இறங்கி வந்து தன் சால்வை நுனியால் என் முகத்தைத் துடைக்கப் பார்த்தாள். அதற்குப் பிள்ளையை யாரிடமாவது கொடுக்க வேண்டுமே? "அண்ணே, செத்த பிடிங்க" என்று முத்தையாவிடம் நீட்டினாள். இத்தனை நேரமும் யோசனை மட்டுமே சொன்னதால் அவர் கைகள் பளிச்சென்று இருந்தன. என் மகள் அவருடைய மப்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஜல்தி கரோ ஜி" என்று அவசரப்படுத்தினார் டிரைவர்.

"வண்டிய யாராவது பாத்துக்கிடணும்லா?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, செல்விக்குப் பின்னால் பிள்ளையோடு முத்தையா ஆட்டோவில் ஏறிக்கொண்டார். ஆட்டோ பனிக்குள் போய் மறையும்வரை கார் பக்கத்தில் நின்றேன்.

இன்ஜின் போயே போய்விட்டது. அடியில் இருந்த ஒரு மூடி தளர்ந்து, சூடானால் ஒழுகியிருக்கிறது. பால்காரனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று மத்தியானம் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு ஓடினால், "மண்ணெண்ணெ நாத்தம், பிள்ளைக்கு ஆகாது" என்று செல்வி மறுபடியும் விரட்டினாள். மறுநாள் காலைதான் தூக்கினேன். மூக்கு என்னுடையதேதான், பாவம்.

மகள் இப்போது கடல் தாண்டி இருக்கிறாள். எப்போதாவதுதான் வருகிறாள். வாசலில் பெட்டியோடு நின்று, "எங்க, கையக் காட்டுங்க" என்பாள். நான் இரண்டு கைகளையும் நீட்டுவேன். புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள். உள்ளிருந்து செல்வி, "நகத்தைப் பாருடி" என்று எடுத்துக் கொடுப்பாள். இருவரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் அவள் "ம், சுத்தம்" என்று சொல்லும்வரை அந்தக் கைகள் காற்றில் நிற்கின்றனவே, அதுமட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.